வெஸ்பாசியன்: களத்துக்குப் போகாமலே உள்நாட்டுப் போரை வென்ற பேரரசர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கி.பி. 69-ஆம் ஆண்டில் மட்டும் ரோமுக்கு நான்கு பேரரசர்கள். ஒருவரை நடுத்தெருவில் வெட்டினார்கள். ஒருவர் தன்னையே குத்திக்கொண்டு செத்தார். மூன்றாமவரைக் கொன்று கொக்கியால் இழுத்துப் போய் டைபர் நதியில் வீசினார்கள். நான்காமவர் பத்து ஆண்டுகள் ஆண்டு, நோய் வந்து இறந்து, நாற்காலியைத் தன் பிள்ளைகளுக்கு விட்டுப் போனார். அவர்தான் வெஸ்பாசியன். அவரைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

அவர் ராஜ குடும்பத்தில் பிறந்தவரா?

இல்லை. கி.பி. 9 நவம்பர் 17 அன்று, ரோமுக்கு வடகிழக்கே ரியேட்டி பக்கத்தில் ஃபாலக்ரீனே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா சபீனஸ் வரி வசூலிப்பவர். இன்றைய துருக்கிப் பகுதியில் சுங்கம் வசூலித்தபோது, 'நேர்மையாக வரி வாங்கியவருக்கு' என்று எழுதிச் சில நகரங்கள் அவருக்குச் சிலை வைத்தனவாம். பிற்காலத்தில் அவர் இன்றைய சுவிட்சர்லாந்துப் பக்கம் போய் வட்டிக்குப் பணம் கொடுத்தார்.

தாத்தா பெட்ரோ கதை இன்னும் சுவையானது. சீசருக்கும் பாம்பேக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் பாம்பே பக்கம் நின்றவர், ஃபார்சாலஸ் போர்க்களத்திலிருந்து நேராக வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். மன்னிப்பு வாங்கிக்கொண்டு, ஏலத்தில் விற்ற பொருளுக்குப் பணம் வசூலிக்கும் வேலையில் சேர்ந்தார். ஒரு உள்நாட்டுப் போரிலிருந்து ஓடியவரின் பேரன்தான் பின்னாளில் இன்னொரு பெரிய உள்நாட்டுப் போரை வென்றது. வீடு முழுக்க வசூல் கணக்குப் பேச்சு என்பதை நினைவில் வையுங்கள், கீழே பல இடங்களில் இது வரும்.

இளமையிலேயே பேராசை இருந்ததா?

அரசியலே வேண்டாம் என்று இருந்தவர். அண்ணன் முதலில் ரோமின் பெரியவர்கள் சபையான செனட்டுக்குப் போய்விட்டார். இவர் அசையவில்லை. 'அண்ணனுக்கு முன்னால் நடந்து வழி விலக்கும் எடுபிடியாகவே இருந்துவிடு' என்று அம்மா வெஸ்பாசியா சொல்லிச் சொல்லிக் குத்திய பிறகுதான் கிளம்பினார்.

கிளம்பியும் பெருமையாக எதுவும் நடக்கவில்லை. ரோம் நகரத் தெருக்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியாக இருந்தபோது, தெருவில் சேறு கிடப்பதைக் கண்ட பேரரசர் கலிகுலா, அந்தச் சேற்றை அள்ளி இவருடைய மேலாடை மடியிலேயே கொட்டும்படி வீரர்களுக்கு உத்தரவிட்டார். நாடே ஒருநாள் இவர் மடியில் வந்து விழும் என்பதற்கு அது சகுனம் என்று பின்னாளில் ஜால்ரா போட்டவர்கள் உண்டு. அன்றைக்கு அது வெறும் சேறுதான்.

போர்த் திறமை உள்ளவரா?

சந்தேகமே வேண்டாம். கி.பி. 43-ல் பேரரசர் கிளாடியஸ் காலத்தில் பிரிட்டன் மீது படையெடுத்தபோது, இரண்டாம் அகஸ்டா படையணிக்கு இவர்தான் தளபதி. முப்பது மோதல்கள், இருபதுக்கு மேல் கோட்டை ஊர்கள், கூடவே வைட் தீவு என்று அவர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். 51-ல் பேரரசருக்கு அடுத்த உயர் பதவியான கான்சல் பதவியும் கிடைத்தது.

'கோவேறு கழுதைக்காரர்' என்று பட்டப்பெயர் ஏன்?

ஆப்பிரிக்க மாகாணத்துக்கு ஆளுநராகப் போன எவரும் பெட்டி நிறையக் காசோடு திரும்புவதுதான் அந்தக் கால வழக்கம். இவர் வெறுங்கையோடு வந்தார். அங்கே ஹத்ருமேட்டம் ஊரில் கலவரம் ஒன்றில் மக்கள் இவர் மீது டர்னிப் கிழங்கை வீசி அடித்ததுதான் மிச்சம். ஊருக்கு வந்து பார்த்தால் கடன். நிலபுலன்களை அண்ணனிடமே அடகு வைத்துவிட்டு, சுமை இழுக்கும் விலங்கு வியாபாரத்தில் இறங்கினார். கான்சலாக இருந்தவர் கழுதை வியாபாரம் செய்தால் ஊர் சும்மா இருக்குமா?

என் கணிப்பில் அவர் வாழ்க்கையிலேயே முக்கியமான காலம் இதுதான். கடன்காரர் வாசலில் வந்து நிற்பது எப்படியிருக்கும் என்று தெரிந்த ரோமப் பேரரசர்கள் அதிகம் இல்லை.

நீரோ பாடும்போது தூங்கியது உண்மையா?

அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். 66-ல் பேரரசர் நீரோ கிரேக்கத்துக்குக் கச்சேரிப் பயணம் போனார். உடன் போன வெஸ்பாசியன் ஒன்று எழுந்து போய்விடுவார், இல்லையென்றால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். அரசவைக்கு வரக்கூடாது என்று தடை வந்தது. உயிருக்குப் பயந்து ஒதுக்குப்புறமான சிறிய ஊரில் பதுங்கியிருந்தவரைத் தேடி ஆள் வந்தபோது, தலை போகிறது என்றுதான் நினைத்திருப்பார். வந்தது பதவி. யூதர்களின் நாடான யூதேயாவில் கிளர்ச்சி மூண்டிருந்தது. அதை அடக்கத் திறமையான தளபதி வேண்டும், ஆனால் நீரோவுக்குப் போட்டியாக வரக்கூடிய பெரிய குடும்பத்தவராக இருக்கக்கூடாது. கழுதைக்காரர் பொருத்தமாக இருந்தார். மூன்று படையணிகள் அவர் கைக்கு வந்தன.

உள்நாட்டுப் போர் எப்படித் தொடங்கியது?

68 ஜூன் 9 அன்று நீரோ தற்கொலை செய்துகொண்டார். அகஸ்டஸ் வம்சம் அதோடு முடிந்தது. அடுத்து யார் என்பதற்கு விதி எதுவும் இல்லை. படை யாரிடம் இருக்கிறதோ அவர் பேரரசர், அவ்வளவுதான்.

ஸ்பெயினிலிருந்து வந்த கிழவர் கால்பா முதலில் உட்கார்ந்தார். பதவிக்கு வந்தால் வீரர்களுக்குப் பரிசுப் பணம் தருவது மரபு. 'நான் வீரர்களைத் தேர்ந்தெடுப்பவன், விலைக்கு வாங்குபவன் அல்ல' என்று அவர் சொல்லிவிட்டார். நல்ல வாக்கியம்தான், ஆனால் 69 ஜனவரி 15 அன்று அதன் விலை தெரிந்தது. மெய்க்காவல் படையை வளைத்துப்போட்ட ஓத்தோ அவரைக் கொன்று ஆட்சியைப் பிடித்தார். அதற்குள் ஜெர்மானிய எல்லைப் படைகள் விட்டெலியஸைப் பேரரசராக அறிவித்து இத்தாலிக்குக் கிளம்பிவிட்டன. ஏப்ரல் 14 அன்று வட இத்தாலியில் பெட்ரியாக்கம் அருகே ஓத்தோவின் படை தோற்றது. இரண்டு நாளில் அவரும் தற்கொலை செய்துகொண்டார்.

இத்தனை நடக்கும்போதும் வெஸ்பாசியன் யூதேயாவில் அமைதியாக இருந்தார். கால்பாவுக்கு வாழ்த்துச் சொல்லி வர மகன் டைட்டஸை அனுப்பியிருந்தார். கொரிந்து வரை போன மகன், வாழ்த்து வாங்க வேண்டியவரே செத்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தார்.

அவர் எப்போது பேரரசரானார்?

69 ஜூலை 1. அன்று எகிப்தின் ஆளுநர் திபேரியஸ் யூலியஸ் அலெக்சாண்டர், அலெக்சாந்திரியாவில் தன் படைகளை வெஸ்பாசியன் பெயரில் உறுதிமொழி எடுக்க வைத்தார். இரண்டு நாள் கழித்து யூதேயாவில் சொந்தப் படையே அவரைப் பேரரசர் என்று அழைத்தது. அப்போது அவருக்கு 59 வயது.

தானாக எழுந்த குரல் போலக் காட்டினாலும், திரைக்குப் பின்னால் ஏற்பாடு இருந்தது. சிரியாவின் ஆளுநர் முசியானஸுக்கும் இவருக்கும் முதலில் ஆகவே ஆகாது. பக்கத்துப் பக்கத்து மாகாணம், எல்லைத் தகராறு போல ஒரு முறைப்பு. டைட்டஸ்தான் நடுவில் நின்று சமாதானம் செய்து வைத்தார். முசியானஸுக்கு மகன்கள் இல்லை, வெஸ்பாசியனுக்கு வளர்ந்த மகன்கள் இருவர். வம்சம் வைக்கக்கூடியவர் பேரரசராகட்டும் என்று முசியானஸ் விட்டுக்கொடுத்தார்.

அப்புறம் ஒரு ஜோசியமும் உண்டு. 67-ல் யோத்தபாத்தா கோட்டை விழுந்தபோது பிடிபட்ட யூதத் தளபதி ஜோசபஸ், 'நீங்கள் பேரரசர் ஆவீர்கள்' என்று சொல்லி உயிர் பிழைத்தார். சொன்னது பலித்ததும் விலங்கை வெட்டி எடுத்து விடுதலை செய்தார்கள். பிறகு வரலாற்றாசிரியராகி இவையெல்லாம் எழுதியவரும் அவரேதான். அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடே படிக்க வேண்டும்.

போர் இத்தாலியில் நடக்க, அவர் ஏன் எகிப்தில் உட்கார்ந்திருந்தார்?

இதைக் கோழைத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு இது அந்தப் போரிலேயே கெட்டிக்காரத்தனமான காரியமாகத் தெரிகிறது. ரோம் நகரத்துக்கு ஆண்டில் நான்கு மாதச் சோறு எகிப்திலிருந்து போகிறது என்று ஜோசபஸ் எழுதுகிறார். அந்தக் கோதுமைக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவில்தான் கிளம்பும். துறைமுகத்தைப் பிடித்தவர் ரோமின் வயிற்றைப் பிடித்தவர். ஆகவே முசியானஸைப் படையோடு இத்தாலிக்கு அனுப்பிவிட்டு, தான் தானியக் கிடங்கின் சாவியோடு உட்கார்ந்துகொண்டார். ரோமர் ரத்தம் சிந்தாமல், பசியாலேயே விட்டெலியஸைப் பணிய வைக்கலாம் என்பதுதான் திட்டம்.

போர் முடிந்த பிறகு, குளிர்காலக் கடல் கொந்தளிப்பையும் பார்க்காமல் வேகக் கப்பல்களில் கோதுமை அனுப்பினார். அவை போய்ச் சேர்ந்தபோது ரோமின் கிடங்குகளில் பத்து நாளைக்கு மேல் தாங்கும் தானியம் இல்லையாம்.

அப்படியானால் ரத்தம் சிந்தாமல் முடிந்ததா?

அதுதான் நடக்கவில்லை. டான்யூப் கரைப் படைகளை வழிநடத்திய அந்தோனியஸ் பிரீமஸ் யாருக்கும் காத்திருக்கவில்லை. நீரோ காலத்தில் உயில் மோசடி வழக்கில் தண்டனை பெற்ற ஆள், ஆனால் சண்டையில் புலி. 'அக்குலேயாவில் நில், முசியானஸ் வரட்டும்' என்ற உத்தரவைத் தாண்டி இத்தாலிக்குள் பாய்ந்துவிட்டார்.

அக்டோபர் 24 இரவு கிரெமோனா அருகே மோதினார்கள். இரண்டு பக்கமும் ரோமர்கள், ஒரே ஆயுதம், ஒரே மொழி. இரவுக்கான அடையாளச் சொல்லும் எதிரிக்குத் தெரிந்துபோனது. நடுவில் நிலா பிரீமஸ் படைக்குப் பின்னால் எழுந்தது. அவர்களின் நிழல் நீண்டு விழ, எதிரி அந்த நிழலைக் குறிவைத்து எறிந்த ஈட்டிகள் முன்னாலேயே விழுந்தன. விடிந்ததும், சிரியாவில் பல காலம் இருந்த மூன்றாம் படையணி அந்நாட்டு வழக்கப்படி எழும் சூரியனை வணங்கி முழக்கமிட்டது. 'முசியானஸ் படை வந்துவிட்டது, அதை வரவேற்கிறார்கள்' என்று வதந்தி பரவ, எதிரி வரிசை குலைந்தது. அந்த இரவில்தான் ஒரு மகன் ஆள் தெரியாமல் தன் தகப்பனை வெட்டிச் சாய்த்தான். உடலைத் தடவிப் பார்த்தபோது உயிர் இன்னும் இருந்தது, இருவருக்கும் அடையாளம் தெரிந்தது.

பிறகு கிரெமோனா ஊர் நான்கு நாள் எரிந்தது. பிடிபட்ட ஊர்க்காரர்களை அடிமைகளாக விற்கப் பார்த்தார்கள். சொந்த நாட்டவரை வாங்க மாட்டோம் என்று இத்தாலி முழுதும் மறுத்துவிட்டது. விலை போகாதவர்களை வீரர்கள் கொல்லத் தொடங்க, உறவினர்கள் ரகசியமாகப் பணம் கொடுத்து மீட்டார்கள். வெஸ்பாசியன் அங்கே இல்லை என்பது உண்மை. அவர் பெயரில்தான் நடந்தது என்பதும் உண்மை.

ரோம் நகரில் என்ன நடந்தது?

வெஸ்பாசியனின் அண்ணன் (அப்பாவின் பெயரேதான்) சபீனஸ்தான் அப்போது நகரக் காவல் தலைவர். சண்டை வேண்டாம், பதவி விலகுங்கள் என்று விட்டெலியஸோடு பேசி முடித்தே விட்டார். விட்டெலியஸின் வீரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சபீனஸ் ஆட்களோடு கேப்பிடோல் குன்றில் ஏறிக்கொண்டார். டிசம்பர் 19 அன்று நடந்த முற்றுகையில் ரோமின் தலைமைக் கோயிலான ஜூபிடர் கோயில் எரிந்து சாம்பலானது. சபீனஸைப் பிடித்துக் கொன்றார்கள். வெஸ்பாசியனின் இளைய மகன் டொமிஷியன், ஐசிஸ் என்ற எகிப்தியத் தெய்வத்தின் பூசாரி வேடத்தில் தப்பினார்.

அடுத்த நாள் பிரீமஸ் படை நகருக்குள் நுழைந்தது. அது சாட்டர்னேலியா பண்டிகைக் காலம். தெருவில் வீரர்கள் வெட்டிக்கொள்ள, மக்கள் விளையாட்டுப் போட்டி பார்ப்பது போல இரண்டு பக்கத்துக்கும் கைதட்டினார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ஒரு பக்கம் பிணம், பக்கத்திலேயே குளியல் கூடத்திலும் மதுக்கடையிலும் கூட்டம். விட்டெலியஸ் அரண்மனை வாயிற்காவலர் அறைக்குள் ஒளிந்து, கட்டிலையும் மெத்தையையும் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தார். இழுத்துவந்து கொன்றார்கள்.

வென்ற பிறகு பழிவாங்கினாரா?

அந்தக் காலத்து அளவுகோலில் பார்த்தால் குறைவு. விட்டெலியஸின் மகளுக்கு இவரே நல்ல இடத்தில் வரன் பார்த்து, சீர்வரிசை கொடுத்துக் கல்யாணம் செய்து வைத்தார். ஆனால் அவருடைய சின்னஞ்சிறு மகனை முசியானஸ் கொல்லச் செய்திருந்தார். வெஸ்பாசியன் ரோமுக்கு வந்ததே 70-ன் பிற்பகுதியில்தான். அழுக்கு வேலைகள் அதற்குள் முடிந்திருந்தன. தூரத்தில் இருப்பதில் இது ஒரு வசதி. செனட்டில் எதிர்த்துப் பேசிய ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் நாடு கடத்தப்பட்டுப் பிறகு கொல்லப்பட்டது இவர் ஆட்சியில்தான்.

ஜெருசலேம் அழிவில் அவர் பங்கு என்ன?

போரைத் தொடங்கி நாட்டுப்புறத்தை அடக்கியவர் இவர். நகரத்தை முற்றுகையிட்டு முடித்தவர் டைட்டஸ். 70-ல் கோயில் எரிந்தது. அதற்குப் பிறகு செய்ததுதான் வெஸ்பாசியனின் முத்திரை. யூதர்கள் ஆண்டுதோறும் தங்கள் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கையை, ரோமின் ஜூபிடர் கோயிலுக்கான வரியாக மாற்றினார். பேரரசில் எங்கே வாழ்ந்தாலும் தலைக்கு இரண்டு டிராக்மா (கிரேக்க வெள்ளிக் காசு). தங்கள் கோயிலை எரித்தவர்களின் கோயிலுக்கு அவர்கள் பணம் கட்ட வேண்டியிருந்தது. சிறுநீர் வரியைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் இந்த வரியைச் சொல்வதில்லை.

அந்தச் சிறுநீர் வரிதான் என்ன?

சலவைத் தொழிலாளர்களுக்கும் தோல் பதனிடுபவர்களுக்கும் பழைய சிறுநீர் கட்டாயம் தேவை. அதில் உருவாகும் அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். தெருமுனைகளில் தொட்டி வைத்துச் சேகரித்து, துணியை அதில் போட்டு மிதிப்பார்கள். இந்த வியாபாரத்தின் மீது வெஸ்பாசியன் வரி போட்டார். கஜானா காலியாகக் கிடந்தது. நாடு நிமிர நாலாயிரம் கோடி செஸ்டர்ஸ் (ரோமக் காசு) வேண்டும் என்று அவர் சொன்னதாக ஒரு கணக்கு இருக்கிறது. படியெடுத்தவர்கள் ஒரு சுழியைக் கூட்டிவிட்டார்கள் என்று வாதிடுபவர்களும் உண்டு.

'அப்பா, இதற்குமா வரி?' என்று டைட்டஸ் முகம் சுளித்தார். முதல் வசூலில் வந்த காசை எடுத்து மகனின் மூக்கருகே நீட்டி, 'நாற்றம் வருகிறதா?' என்றார் தகப்பன். இல்லை என்றார் மகன். 'ஆனால் இது சிறுநீரிலிருந்து வந்ததுதான்.' இத்தாலிய மொழியில் பொதுக் கழிப்பிடத்துக்கு வெஸ்பாசியானோ என்று பெயர் நிலைத்தது இதனால்தான்.

அப்போ கஞ்சனா?

வாங்குவதில் கறார். ஒரு ஊர்த் தூதுக்குழு, உங்களுக்குப் பெரிய செலவில் சிலை வைக்கப்போகிறோம் என்றது. உள்ளங்கையை நீட்டி, 'பீடம் தயார், உடனே வையுங்கள்' என்றார். கடற்கரைக்கும் ரோமுக்கும் நடையாய் நடக்கும் கடற்படை ஆட்கள் செருப்புப் படி கேட்டபோது, இனி வெறுங்காலில் ஓடுங்கள் என்று உத்தரவு.

செலவழிப்பதில் கை தாராளம். நீரோ தன் மாளிகைக்குள் வெட்டிய செயற்கை ஏரியைத் தூர்த்து, அங்கே கொலோசியத்தைக் கட்டத் தொடங்கினார். அரசன் வீட்டுக் குளம் ஊருக்குப் பொதுவிடமானது. டைட்டஸ் 80-ல் அதைத் திறந்து வைத்தார். பேச்சுக்கலை ஆசிரியர்களுக்கு அரசுச் சம்பளம் ஆண்டுக்கு ஒரு லட்சம் செஸ்டர்ஸ். எரிந்த ஜூபிடர் கோயில் இடத்தில் இடிபாடு அள்ளும் வேலை தொடங்கியபோது, அறுபது வயதில் முதல் கூடையைத் தானே தலையில் சுமந்தார். பெரிய தூண்களைக் குறைந்த செலவில் ஏற்றும் ஒரு முறையைப் பொறியாளர் ஒருவர் கொண்டுவந்தார். அவருக்கு நல்ல வெகுமதி கொடுத்துவிட்டு, கருவி வேண்டாம் என்றார். ஏழை ஜனம் கூலி வேலை செய்து சாப்பிட வேண்டும் என்பது காரணம்.

வீட்டில் எப்படி?

மனைவி டொமிட்டில்லா அவர் பேரரசராகும் முன்பே காலமாகிவிட்டார். அதன் பிறகு கேனிஸ் என்ற பெண்ணோடு வாழ்ந்தார். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்பதால் சட்டப்படி மணமுடிக்க வழியில்லை, ஆனால் மனைவியாகவே நடத்தினார். விடியுமுன் எழுந்து கடிதங்களைப் படிப்பார். செருப்பைத் தானே மாட்டிக்கொள்வார். தன்னை வளர்த்த பாட்டி டெர்டுல்லாவின் கோசா வீட்டை ஒரு செங்கல் கூட மாற்றாமல் வைத்திருந்து அடிக்கடி போய் வந்தார். பண்டிகை நாட்களில் பாட்டியின் சிறிய வெள்ளிக் கிண்ணத்தில்தான் குடிப்பார்.

தமிழகத்தோடு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் விடியுமுன் அவரைச் சந்திக்க வரும் நண்பர்களில் ஒருவர் ரோம எழுத்தாளர் பிளினி. முசிறித் துறைமுகத்தையும், மதுரையில் ஆண்ட பாண்டியரையும், மிளகு விலையையும் பற்றி எழுதிய அதே பிளினிதான். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று அவர் எழுதியது வெஸ்பாசியன் ஆட்சிக் காலத்தில், அந்த நூலை டைட்டஸுக்குக் காணிக்கையாக்கி. கஜானாவை நினைத்துத் தூக்கம் தொலைத்த பேரரசரின் வட்டத்தில் அந்தப் புலம்பல் எழுந்ததில் வியப்பில்லை.

எப்படி இறந்தார்?

79 ஜூன் மாதம், பிறந்த ஊர்ப் பக்கத்திலேயே. வயிற்றுப்போக்கு. இறந்த பேரரசர்களைத் தெய்வமாக அறிவிப்பது வழக்கமாதலால், நோய் முற்றும்போது 'ஐயோ, நான் சாமியாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறதே' என்றார். கடைசியில், பேரரசன் நின்றுகொண்டு சாக வேண்டும் என்று எழ முயன்று, தாங்கிப் பிடித்தவர்களின் கையில் உயிர் விட்டார். வயது 69.

ஈமச் சடங்கில் இறந்தவர் போல நடித்துக் காட்டும் வழக்கம் உண்டு. வெஸ்பாசியனாக நடித்தவர், 'இந்தச் சடங்குக்குச் செலவு எவ்வளவு?' என்று கேட்டார். ஒரு கோடி என்றார்கள். 'ஒரு லட்சத்தை என் கையில் கொடுத்துவிட்டு என்னை டைபரில் தூக்கிப் போடுங்கள்' என்றாராம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்போமே, அது.

அவருடைய முகம் நமக்குத் தெரியுமா?

தெரியும். சிலைத் தலைகள் பல கிடைத்திருக்கின்றன, கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் உள்ளது பிரபலம். வழுக்கை, நெற்றிச் சுருக்கம், இறுக மூடிய வாய். பழைய பேரரசர்களைப் போல இளமையாகச் செதுக்கச் சொல்லவில்லை. எப்போதும் முக்கிக்கொண்டிருப்பது போன்ற அந்த முகத்தைப் பற்றி அன்றைக்கே ஒரு கேலி உலவியது. நகைச்சுவைக்காரர் ஒருவரிடம், 'எல்லோரையும் கிண்டல் செய்கிறாய், என்னைப் பற்றியும் ஒன்று சொல்லேன்' என்றார் பேரரசர். 'சொல்கிறேன், நீங்கள் வெளிக்குப் போய் முடித்த பிறகு' என்றார் அந்த ஆள்.